டீசல் லாரி ஓட்டத்தில் நின்றுபோதல்: பழுது கண்டறிதலின் வரலாறு

ஓட்டுநர் நிறுத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும் டீசல் லாரியின் என்ஜின் தானாக அணைந்துவிடுவது வாகனப் பழுதுகளில் கண்டறியக் கடினமான ஒன்றாகும். கிளம்பாத வண்டியின் பழுது பட்டறையிலும் அப்படியே இருக்கும். ஓட்டத்தில் நிற்கும் வண்டியோ, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பழுதின் தடயம் எதுவும் இருக்காது.

டீசல் என்ஜின் லாரிகளில் பொருத்தப்பட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் இந்தப் பழுதின் காரணம் பலமுறை இடம் மாறியுள்ளது. முதலில் அது எரிபொருள் குழாயிலும் வடிகட்டியிலும் இருந்தது. பின்னர் மின்கம்பிக்கும், அதன்பின் மின்னணு உணரிக்கும் நகர்ந்தது. அண்மைக் காலத்தில் எரிபொருளின் தன்மையே ஒரு காரணமாகியுள்ளது. காற்று மாசைக் குறைக்கவும் ஆற்றலைக் கூட்டவும் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் பழுதை ஓட்டுநரின் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டு சென்றது. ஆனால் பழுதைத் தேடும் அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை.

டீசல் என்ஜினின் தேவைகள்

பெட்ரோல் என்ஜின் எரிவதற்குத் தீப்பொறி வேண்டும். டீசல் என்ஜினுக்கு அது தேவையில்லை. உருளைக்குள் இழுக்கப்படும் காற்று 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்படும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தச் சூடான காற்றில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டதும் தானே எரிகிறது.

ஆகவே பழைய வகை டீசல் என்ஜினுக்கு வேண்டியவை இரண்டுதான்: காற்று, சரியான நேரத்தில் சரியான அழுத்தத்தில் டீசல். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று முற்றிலும் தடைப்படுவது அரிது. எனவே ஓட்டத்தில் என்ஜின் அணைந்தால் டீசல் வந்து சேரவில்லை என்றே பழைய மெக்கானிக்குகள் முதலில் கருதினர். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

தொடக்கக் காலம்

ரூடால்ஃப் டீசல் தம் என்ஜினுக்கான காப்புரிமைக்கு 1892-இல் விண்ணப்பித்தார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897 பிப்ரவரியில் நடந்த சோதனையில் அவருடைய என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டுக்கு மேல் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்கால நீராவி என்ஜின்களால் இதை நெருங்க முடியவில்லை.

ஆயினும் அந்த என்ஜினை லாரியில் ஏற்ற முடியவில்லை. அதில் டீசலை உருளைக்குள் செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. அக்காற்றைத் தயாரிக்க ஒரு பெரிய கம்ப்ரசர் தேவைப்பட்டது. ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் அது பொருந்தியது. சாலை வண்டிக்கு எடை தாங்காது. 1913 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலில் இருந்து டீசல் மறைந்தபோது அவர் பெயர் தாங்கிய லாரி ஒன்றும் சாலையில் இல்லை.

பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிராஸ்பர் லோரேஞ்ச் 1909-இல் முன்னறை முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்ப்ரசர் இல்லாமல் டீசலை எரிக்க இது வழி செய்தது. 1923-இல் பென்ஸ் நிறுவனம் 5 டன் லாரி ஒன்றில் டீசல் என்ஜினைப் பொருத்திச் சோதித்தது. அடுத்த ஆண்டே எம்.ஏ.என். நிறுவனம் நேரடிப் பீய்ச்சல் முறையில் இயங்கும் லாரியைக் கொண்டுவந்தது.

பாஷ் பம்பும் காற்று பிடித்தலும்

ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. உருளைக்கு ஒன்றாக வரிசையாக அமைந்த சிறு பிஸ்டன்கள் டீசலை அளந்து, அழுத்தி, நாசிலுக்கு அனுப்பின. பல நிறுவனங்களும் இந்தப் பம்பை வாங்கிப் பொருத்திக்கொள்ள முடிந்ததால் டீசல் லாரி பரவலானது. இந்தியாவில் 1950-களில் ஜாம்ஷெட்பூரில் டாடா, டைம்லர்-பென்ஸ் கூட்டில் லாரிகள் உருவாயின. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் தயாராயின. பெங்களூரு மைக்கோ ஆலையின் பம்பும் நாசிலும் பட்டறைகளில் அன்றாடப் பெயர்களாயின.

இவ்வகை வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலை இழுத்து வருவது ஃபீட் பம்ப் எனப்படும் சிறு பம்பு. அது டீசலை வடிகட்டி வழியாகப் பெரிய பம்புக்குக் கொடுக்கிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதாவது குழாய்க்குள் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே இப்பகுதியில் ஒரு நுண்ணிய விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால் டீசல் வெளியே கசிவதில்லை. காற்று உள்ளே புகுகிறது. வெளியில் ஈரமே இராது. கசிவைக் கண்ணால் தேடுபவர் ஏமாந்துபோவார்.

டீசலை அழுத்தினால் அதன் கன அளவு மிகச் சிறிதே குறையும். காற்றோ நன்றாகச் சுருங்கிக் கொடுக்கும். பம்பின் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால், அது சுருங்கி விரிவதோடு சரி. நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் உண்டாவதில்லை. என்ஜின் இருமி, குலுங்கி, நின்றுவிடும். தமிழ்நாட்டு லாரித் தொழிலில் இதை 'ஏர் பிடித்துவிட்டது' என்பார்கள். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள கைப்பிடியை அழுத்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, திருகை இறுக்குவார்கள். இதற்கு 'ஏர் எடுத்தல்' என்று பெயர். ஒரு ஸ்பானர் இருந்தால் போதும் என்பதால் ஓட்டுநரோ கிளீனரோ நடுவழியிலேயே செய்துகொண்டனர்.

அக்காலத்தின் பிற காரணங்களும் எளியவை. வடிகட்டி அடைத்திருந்தால் சமதரையில் வண்டி ஓடும். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது டீசல் போதாமல் நிற்கும். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சில கிலோமீட்டரில் என்ஜின் அணையும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். வண்டி மறுபடி கிளம்பும். டேங்கின் அடியில் கிடக்கும் துணித்துண்டோ இலையோ உறிஞ்சுகுழாயின் வாயை மூடி, என்ஜின் நின்றதும் விலகிப்போவதும் உண்டு. நின்ற வண்டி தானே சரியாகும் புதிருக்கு இப்படி எளிய விடைகள் இருந்தன.

மின்கம்பியின் வருகை

பழைய டீசல் லாரியை அணைக்கச் சாவியைத் திருப்பினால் போதாது. ஓட்டுநர் அறையில் உள்ள குமிழை இழுத்தால், அதனோடு இணைந்த கேபிள் பம்பில் டீசலை நிறுத்தும். ஒருமுறை கிளம்பிய பின் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் என்ஜின் ஓடும்.

சாவியாலேயே அணைக்கும் வசதிக்காக மின்காந்த வால்வு வந்தது. மின்சாரம் இருக்கும்வரை இவ்வால்வு திறந்திருக்கும். மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும். இதனால் ஒரு புதிய பழுது பிறந்தது. தளர்ந்த வயர், துரு ஏறிய முனை, சரியாகப் பொருந்தாத ஃபியூஸ் என எதுவும் ஓடும் என்ஜினை நொடியில் அணைக்க முடிந்தது.

அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனத்தின் பி.டி. வகை பம்பில் இதற்கு ஒரு மாற்றுவழி இருந்தது. வால்வின் மேல் கையால் திருகக்கூடிய ஒரு சிறு திருகு வைக்கப்பட்டது. மின்சாரம் தடைப்பட்டால் அதை உள்ளே திருகி வால்வைத் திறந்து வண்டியை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மின்சாரம் கைவிட்டாலும் கை இருக்கிறது என்ற எண்ணம் அந்த வடிவமைப்பில் இருந்தது. பின்வந்த மின்னணு என்ஜின்களில் இத்தகைய திருகுக்கு இடமில்லாமல் போனது.

மின்னணுக் கட்டுப்பாடு

அமெரிக்காவில் டீசல் புகைக்கான வரம்புகள் கடுமையானபோது, எந்தக் கணத்தில் எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை இன்னும் துல்லியமாகக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. டெட்ராய்ட் டீசல் நிறுவனம் 1985-இல் டி.டி.இ.சி. எனும் மின்னணுக் கட்டுப்பாட்டு முறையை அறிமுகம் செய்தது. பத்தாண்டுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் அவ்வழிக்கு வந்தன.

இப்போது டீசலுக்கும் காற்றுக்கும் அடுத்து மூன்றாவது தேவை ஒன்று சேர்ந்தது: தகவல். என்ஜின் எந்த நிலையில் சுழல்கிறது என்று உணரி சொல்லாவிட்டால் கணினி டீசல் பீய்ச்ச உத்தரவிடாது. டேங்க் நிறைய டீசல் இருக்கும். பம்பும் நலமாக இருக்கும். என்ஜின் மட்டும் ஓடாது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1994-இல் தன் 6.5 லிட்டர் என்ஜினில் மின்னணுப் பம்பைப் பொருத்தியபோது, அதை இயக்கும் மின்சுற்றுப் பெட்டி பம்பின் மேலேயே அமைந்தது. என்ஜினின் நடுவே சூடு தேங்கும் இடம் அது. சூடேறியதும் பெட்டி செயலிழந்து வண்டி நிற்கும்; ஆறியதும் மீண்டும் ஓடும். பல உரிமையாளர்கள் அந்தப் பெட்டியைக் கழற்றி, நீண்ட வயருடன் காற்றுப் படும் இடத்தில் அலுமினியத் தகட்டின் மேல் பொருத்திக்கொண்டனர்.

ஃபோர்டு 7.3 லிட்டர் என்ஜின்

இவ்வகைப் பழுதுக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, நவிஸ்டார் நிறுவனம் தயாரித்து ஃபோர்டு வண்டிகளில் 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் என்ஜின். உழைப்புக்குப் பேர்போன என்ஜின் இது. இதில் டீசலைப் பீய்ச்சும் விசையை அழுத்தப்பட்ட என்ஜின் ஆயிலே தருகிறது. ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 500 பி.எஸ்.ஐ. அளவைத் தொடாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது. ஆகவே ஆயில் குறைந்தாலும், ஆயில் அழுத்தத்தை ஆளும் வால்வு பழுதானாலும், டீசல் இருந்தும் என்ஜின் நின்றுவிடும்.

இந்த என்ஜினின் முன்புறத்தில் கேம் தண்டின் நிலையை அறியும் சிறு உணரி உள்ளது. எந்த உருளைக்கு எப்போது டீசல் வேண்டும் என்பதைக் கணினி இதைக் கொண்டே அறிகிறது. உணரியின் குறிப்பு ஒரு கணம் தடைப்பட்டாலும், நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் முன்னறிவிப்பின்றி அணையும். நின்று ஆறிய பின் வண்டி பல வேளைகளில் கிளம்பிவிடும் என்பதால் உரிமையாளர்கள் டீசல் வடிகட்டி, பம்பு என்று மாற்றிக்கொண்டே போனார்கள்.

அனுபவமுள்ளவர்கள் ஓர் அடையாளத்தைக் கண்டுகொண்டனர். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் சுற்றுகளைக் காட்டும் முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால் குற்றம் உணரியின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். முள் படிப்படியாக இறங்கினால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். உணரி ஒரே ஒரு போல்ட்டில் நிற்பது. அதனால் மாற்று உணரி ஒன்றையும் 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றையும் வண்டியிலேயே வைத்திருப்பது இந்த வண்டிக்காரர்களின் வழக்கமாயிற்று.

2007-இல் ஃபோர்டு நிறுவனம் இந்த உணரியை மாற்றிக் கொடுப்பதற்காகச் சுமார் 12 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உணரிக்காக இத்தனை வண்டிகள் அழைக்கப்பட்டன.

எரிபொருள் மாறியபோது

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து நச்சுப் புகையாகிறது. எனவே பல நாடுகள் அதைக் குறைத்தன. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலுக்கு இயல்பாக வழவழப்புத் தந்துவந்த வேறு சில கூறுகளும் நீங்கிவிடுகின்றன. இன்ஜெக்‌ஷன் பம்பின் உட்பகுதிகள் பலவற்றுக்கு டீசலே மசகு. ஆகவே தூய்மையான டீசல் பம்பைத் தேய்க்கத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் மிகக் குறைந்த கந்தக டீசலுக்கு மாறிய சுவீடனில் பம்புகள் பழுதாயின. மசகுச் சேர்மானம் கலந்த பிறகே நிலைமை சீரானது.

அமெரிக்கா 1993-இல் சாலை டீசலின் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்காகக் குறைத்தபோது வேறொரு தொல்லை வந்தது. டீசலின் கலவை மாறியதால் பல பழைய வண்டிகளின் ரப்பர் சீல்கள் சுருங்கின. இறுக்கமாயிருந்த இணைப்புகள் கசியத் தொடங்கின.

இந்த அனுபவங்களால் டீசலின் வழவழப்பை அளக்கும் முறை தரநிர்ணயத்தில் சேர்ந்தது. 60 டிகிரி வெப்பத்தில் டீசலில் மூழ்கிய உலோகத் தட்டின் மேல் சிறு எஃகுக் குண்டு ஒன்றைத் தேய்த்து, குண்டின் தேய்மானத் தழும்பை அளப்பது அம்முறை. ஐரோப்பியத் தரத்தில் அத்தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான்.

குளிரும் ஒரு காரணமே. டீசலில் இயல்பாகக் கரைந்துள்ள மெழுகு, கடுங்குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். தமிழ்நாட்டுச் சாலைகளில் இதற்கு இடமில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதி லாரிகள் வடக்கே வெகுதூரம் செல்பவை. இமயமலைப் பகுதிக்கு ஏறும் ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. டீசல் உறையாமலிருக்க மண்ணெண்ணெய் கலக்கும் வழக்கம் அங்கு இருந்தது. மண்ணெண்ணெய் டீசலின் வழவழப்பைக் குறைப்பதால் பம்புக்குக் கேடு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உறைபனி நிலைக்கு 33 டிகிரி கீழே வரை பாயும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை லடாக் பகுதிக்கு அறிமுகம் செய்தது.

காமன் ரெயில் முறை

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை எப்போதும் மிகை அழுத்தத்தில் வைத்திருப்பது காமன் ரெயில் முறை. ஜப்பானில் 1995-இல் ஹினோ லாரியிலும், ஐரோப்பாவில் 1997-இல் ஆல்ஃபா ரோமியோ காரிலும் இது விற்பனைக்கு வந்தது. இன்று அழுத்தம் 2000 பாரைத் தாண்டுகிறது. பாகங்களுக்கு இடையேயான இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். முன்பு தாங்கிக்கொண்ட தூசியும் தண்ணீரும் இப்போது தாங்காது. பொதுக் குழாயில் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் கணினி என்ஜினை நிறுத்திவிடுகிறது.

அமெரிக்காவில் பாஷ் சி.பி.4 வகைப் பம்பு சில வண்டிகளில் உள்ளுக்குள் தேய்ந்து, உலோகத்தூளை எரிபொருள் பாதை முழுவதும் பரப்பியது. அப்போது பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. இன்ஜெக்டர் முதல் குழாய் வரை மாற்ற வேண்டியிருந்தது. 2021-இல் இப்பம்பு பொருத்திய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் வண்டிகள் ஓட்டத்தில் நின்றுபோகும் ஆபத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

பழுதைத் தேடும் முறை

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் மெக்கானிக்குகள் கேட்கும் கேள்விகளின் வரிசை ஏறத்தாழ அப்படியே உள்ளது.

முதல் கேள்வி, வண்டி எப்படி நின்றது என்பது. விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரம், உணரி, ரிலே ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இழுவை குறைந்து, குலுங்கி, மெல்ல நின்றால் டீசல் வரவு குறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எப்போது நின்றது என்பது. மேட்டில் என்றால் வடிகட்டி. டேங்கில் டீசல் குறைந்தபோது மட்டும் என்றால் உறிஞ்சுகுழாய். சூடேறிய பின் மட்டும் என்றால் உணரி அல்லது மின்சுற்று. மேடுபள்ளத்தில் என்றால் தளர்ந்த வயர். ஆகவே ஓட்டுநரின் நினைவு முக்கியமான சாட்சியாகும்.

மூன்றாவது, மீண்டும் செல்ப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா என்பது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உருளைக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

இதற்குப் பிறகே சோதனைகள் வருகின்றன. எரிபொருள் பாதையின் நடுவே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டைச் செருகினால் காற்றுக் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியும். பழைய வகை வண்டியில், சுத்தமான டீசல் நிறைந்த கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது நிற்காவிட்டால் குற்றம் டேங்கின் பக்கம். புதிய வண்டியில் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி தேவை. ஆனால் குறியீடு சொல்வது விளைவை மட்டுமே. 'ரெயில் அழுத்தம் குறைவு' என்ற ஒரே குறியீடு அடைத்த வடிகட்டி, தேய்ந்த பம்பு, திரும்பிக் கசியும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் எதையும் குறிக்கலாம். குறியீட்டை மட்டும் நம்பிப் பாகங்களை மாற்றுவதில் வண்டிக்காரரின் பணம்தான் வீணாகிறது.

ஓட்டுநரின் பாதுகாப்பு

என்ஜின் அணைந்த லாரியில் ஸ்டீயரிங் கனத்துவிடும். காற்று பிரேக்குக்கான காற்றைத் தயாரிக்கும் கம்ப்ரசரும் நிற்கும். தொட்டியில் உள்ள காற்று சில முறை பிரேக் அடிக்கப் போதும். அடிக்கடி மிதித்து விட்டால் அது தீர்ந்து, ஸ்பிரிங் பிரேக் பொருத்திய வண்டியில் சக்கரங்கள் தாமே பிடித்துக்கொள்ளும்.

சாதாரணக் கியர் பெட்டி உள்ள வண்டியில், டீசல் வராமல் அணைந்த என்ஜினைக் கியரிலேயே விட்டால் சக்கரங்களின் உருட்டலால் அது சுழன்றுகொண்டிருக்கும். ஸ்டீயரிங் பம்பும் கம்ப்ரசரும் சிறிது வேலை செய்யும். ஆகவே இறக்கத்தில் உடனே நியூட்ரலுக்கு வருவது ஆபத்தானது. வேகம் இருக்கும்போதே இடப்புறம் ஒதுங்கி, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பின்னால் வருவோருக்குத் தெரியும் தொலைவில் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும். கிளீனர் வண்டியின் அடியில் புகுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது கட்டாயம். காரணத்தைத் தேடும் வேலை அதற்குப் பிறகே தொடங்க வேண்டும். வண்டி தானே மீண்டும் கிளம்பிவிட்டாலும், எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு நின்றது என்பதை எழுதி வைத்துக்கொண்டால், பட்டறையில் ஒன்றும் தென்படாத வேளையில் மெக்கானிக்குக்கு அந்தக் குறிப்பே உதவும்.